தலைகீழாய் இருந்த பாஸ்போர்ட்

நசீமா திருடவில்லை. அவளைத் திருடி ஆக்கியவள் நான்.

மூன்று ஆண்டுகளாக இந்த இரண்டு வாக்கியங்களையும் வாய்க்குள்ளேயே அடக்கிக்கொண்டு நடமாடினேன். இன்று எழுதிவிட்டேன். எழுதினால் மனப்பாரம் குறையும் என்பார்களே... குறையவில்லை. குறைய வேண்டும் என்று நான் எழுதவும் இல்லை. ஒரு பெண்ணின் பெயரைக் கெடுத்தேன். அந்தப் பெயரை அவளிடம் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அதற்காக எழுதுகிறேன்.

என்னை உங்களுக்குத் தெரியாது. என் பெயர் கோமதி. ஸ்ரீரங்கத்தில், ராஜகோபுரத்துக்குப் பக்கத்துச் சந்தொன்றில் பிரிண்டர் பழுதுபார்க்கும் கடை நடத்துகிறேன். பத்துக்குப் பத்து அறை. தரையெல்லாம் வயிறு திறந்த பிரிண்டர்கள், சுவரெல்லாம் டோனர் கரி. நான் அறிந்தவரை இந்த வட்டாரத்தில் இந்த வேலையைச் செய்யும் பெண் நான் ஒருத்திதான். கடை திறந்த புதிதில், வருகிறவர்கள் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். "மெக்கானிக் இல்லீங்களாம்மா?" என்பார்கள். "நான்தாங்க மெக்கானிக்" என்று சொல்லிவிட்டு அவர்கள் முகம் போகும் போக்கை வேடிக்கை பார்ப்பேன். கொஞ்ச நாளில் 'பிரிண்டர் அக்கா' என்றே பெயர் வந்துவிட்டது.

எப்படியிருக்கிறது என் பெருமை! இந்தப் பெருமையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் இன்னொரு பெண்ணைப் பலி கொடுத்தேன்.

பாலக்கரையில் ஹாஜா பாய் என்பவரின் கடை இருக்கிறது. முன்பக்கம் ஜெராக்ஸ், பின்பக்கம் டிராவல்ஸ். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் அங்கேதான் வருவார்கள். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் போடுவது, நகல் எடுப்பது, விமான டிக்கெட் எல்லாம் ஒரே இடத்தில் முடிந்துவிடும். அந்தக் கடையின் பிரிண்டர் முதல் நாளிலிருந்து என் பொறுப்பு. நகல், ஸ்கேன், அச்சு மூன்றையும் செய்கிற இயந்திரம் அது.

அந்த இயந்திரத்தின் முன்னால் ஐந்து ஆண்டுகள் நின்றவள் நசீமா. உறையூர்ப் பெண். பி.சி.ஏ. படித்தவள். அவள் வேலை செய்வதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! பாஸ்போர்ட்டை வாங்கும்போது இரண்டு கையாலும் வாங்குவாள். நகல் எடுத்து முடித்ததும் உரியவர் கையில் கொடுத்து, "பத்திரமா உள்ள வைங்க" என்று சொல்லி, அவர்கள் பையை மூடும்வரை பார்த்துக்கொண்டு நிற்பாள். இயந்திரத்தின் கண்ணாடியில் ஒரு மூலை உடைந்திருந்தது. வழக்கமாகத் தாளை வைக்கும் மூலை அது. அதனால் பாஸ்போர்ட்டை எதிர் மூலையில் தலைகீழாக வைத்து எடுப்பாள். ஸ்கேன் என்றால் கணினியில் நேராகத் திருப்பி, ஓரத்தை வெட்டி, பிறகுதான் சேமிப்பாள். ஜெராக்ஸ் என்றால் கவலையில்லை... தாளைத் திருப்பிப் பிடித்தால் போயிற்று.

உறையூரில் சொந்தமாக ஒரு கடை போட வேண்டும் என்பது அவள் ஆசை. ஹாஜா பாயே அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். "என் மெஷினை நீயே எடுத்துட்டுப் போ. நான் புதுசு வாங்கிக்கிறேன்" என்று என் எதிரிலேயே சொன்னார். எந்தத் தெருவில் எந்தக் கடை காலியாகப் போகிறது என்பதுவரை பார்த்து வைத்திருந்தாள்.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன்.

நீங்கள் மை தீர்ந்தால் ரீஃபில் போடுகிறவர்தானே? வெட்கப்படாதீர்கள், எல்லோரும் அப்படித்தான். ஆனால் பல பிரிண்டர்கள் அதற்கு ஒத்துக்கொள்ளாது. மைக் குப்பியில் ஒரு சின்னச் சிப் இருக்கும். அது 'தீர்ந்துவிட்டது' என்று சொல்லிவிட்டால், நாம் எவ்வளவு மை ஊற்றினாலும் இயந்திரம் அசையாது. அதற்கு எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. ஒவ்வொரு பிரிண்டருக்குள்ளும் அதை இயக்குவதற்கென்றே ஒரு மென்பொருள் இருக்கிறது. ஃபர்ம்வேர் என்போம். அதை எடுத்துவிட்டு, யாரோ திருத்திய வேறொன்றை ஏற்றினால் இயந்திரம் அதற்குப் பிறகு சிப்பைக் கேட்கவே கேட்காது. 'சிப்லெஸ் போடுவது' என்று பெயர். ஐந்து நிமிட வேலை. வாடிக்கையாளர் கும்பிட்டுவிட்டுப் போவார்.

அந்தத் திருத்திய மென்பொருளை யார் எழுதினார்கள்? எதற்காகச் சும்மா கொடுக்கிறார்கள்? நான் கேட்கவில்லை! பழுதுபார்க்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் முகம் தெரியாத ஒருவன் போட்டான். 'இலவசம். நன்றாக ஓடுகிறது' என்று எழுதியிருந்தான். ஓட்டலில் சட்னியைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத் தொடுகிறவள் நான். அந்தக் கோப்பை மட்டும் முகர்ந்து பார்க்கத் தோன்றவில்லை. ஹாஜா பாயின் இயந்திரத்தில் ஏற்றினேன். இன்னும் பல கடைகளில் ஏற்றினேன். எல்லாம் நன்றாகவே ஓடின.

இரண்டு வாரம் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது நசீமா என்னைக் கூப்பிட்டாள்.

"கோமதிக்கா, யாரும் பிரிண்ட் குடுக்கல, கம்ப்யூட்டரும் ஆஃப்ல இருக்கு. இந்த வைஃபை லைட் ஏன்க்கா மினுக்கிக்கிட்டே இருக்கு? காப்பி எடுத்து முடிச்சாலும் ரொம்ப நேரம் மினுக்குது. முன்னாடி இப்படி இல்ல."

"அது தானா அப்டேட் தேடும். நீ கண்டுக்காத."

"இல்லக்கா, பாஸ்போர்ட் எடுத்தா இன்னும் அதிகமா..."

"நீ மெக்கானிக்கா, நான் மெக்கானிக்கா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவளும் சிரித்துவிட்டு, "நீங்க சொன்னா சரிக்கா" என்றாள். என்னை எட்டிப் பார்த்துவிட்டு 'மெக்கானிக் இல்லையா' என்று கேட்டவர்களுக்கும் எனக்கும் அந்த நொடியில் என்ன வித்தியாசம்?

அதற்குப் பிறகு ஒன்றரை மாதம் இருக்கும். ஒரு நாள் காலையில் ஹாஜா பாய் போன் செய்தார். "கோமதிம்மா, கொஞ்சம் உடனே வாங்க. கடையில பெரிய பிரச்சனை" என்றார். ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்துப் பாலக்கரையில் இறங்கினேன். கடை வாசலில் கூட்டம்.

ஜீயபுரத்திலிருந்து சரவணன் என்ற இளைஞன் தன் அண்ணனோடு வந்திருந்தான். கத்தாரில் ஓட்டுநர் வேலைக்கு முயன்றுகொண்டிருந்தவன். யாரோ ஒருவன் அவனுக்குப் போன் செய்து, 'உன் விசா தயார்' என்றிருக்கிறான். பாஸ்போர்ட் எண், அப்பா பெயர், முகவரி எல்லாவற்றையும் சரியாகச் சொல்லியிருக்கிறான். சந்தேகப்பட்டுக் கேட்டதற்கு, பாஸ்போர்ட்டின் படத்தையே அனுப்பியிருக்கிறான். இவன் நம்பிப் பணம் கட்டி, வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு, பெட்டியோடு விமான நிலையத்துக்குப் போயிருக்கிறான். விசா பொய் என்று வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். வாழைத்தோப்பு வேலையை விட்டுவிட்டு வந்த பையன்... அம்மா முகத்தில் விழிக்க முடியாமல் நேராக இங்கே வந்திருந்தான்.

"நான் இந்தக் கடையைத் தவிர வேற எங்கயும் காப்பி எடுக்கலீங்க. ஒரே ஒரு தடவை, ஜெராக்ஸ்தான்" என்று அவன் சொல்லிக்கொண்டேயிருந்தான்.

அந்தப் படத்தைக் காட்டினான். பாஸ்போர்ட் தலைகீழாக இருந்தது. அவன் அண்ணன் போனைத் திருப்பினான். படமும் கூடவே திரும்பியது. மறுபடி திருப்பினான். கடைசியில் கழுத்தைச் சாய்த்துக்கொண்டே பார்த்தான். வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பேன். படத்தில் பாஸ்போர்ட் மட்டும் இல்லை, கண்ணாடி முழுவதும் தெரிந்தது. ஓரத்தில் அந்த உடைந்த மூலை! இந்தக் கடையின் இயந்திரம்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் மிஞ்சவில்லை. எல்லோர் கண்ணும் நசீமா பக்கம் திரும்பியது.

ஹாஜா பாய் நியாயமானவர். "யார் மேலயும் சும்மா பழி போடக் கூடாது. கோமதிம்மா கம்ப்யூட்டரைப் பாத்துச் சொல்லட்டும். ஏதாவது வைரஸா இருக்கும்" என்றார்.

உட்கார்ந்தேன். கூட்டம் என் முதுகுக்குப் பின்னால் நின்றது. ஆன்டிவைரஸ் ஓட்டினேன். கணினி சுத்தமாக இருந்தது. பிறகு ஸ்கேன் பதிவுகளைத் திறந்தேன். அந்தக் கணினியில் எதை ஸ்கேன் செய்தாலும் தேதி, நேரத்தோடு பதிவாகும். சரவணன் வந்த நாளில், அவன் வந்த நேரத்தில், ஒரு ஸ்கேன்கூட இல்லை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது.

ஜெராக்ஸ் என்பது கண்ணாடியிலிருந்து நேராகத் தாளுக்குப் போவது. கணினிக்குள் அது நுழைவதே இல்லை. நசீமாவின் கைக்கு ஒரு கோப்பாக வருவதே இல்லை. திருப்பாத, ஓரம் வெட்டாத, தலைகீழான அந்தப் படம் பிரிண்டரின் வயிற்றுக்குள்ளிருந்தே வெளியே போயிருக்கிறது! அந்த வயிற்றுக்குள் கடைசியாகக் கை விட்டவள் யார்? நான்.

பதிவை மூடினேன். அவசரமாக மூடவில்லை. நிதானமாக மூடினேன். இதை நீங்கள் மறக்கக் கூடாது.

"என்னம்மா, வைரஸ் ஏதும் இருக்கா?" என்று கேட்டார் ஹாஜா பாய்.

"இல்ல பாய். கம்ப்யூட்டர் க்ளீனா இருக்கு."

இது உண்மை. நான் சொன்ன சொல் ஒவ்வொன்றும் உண்மை!

"அப்ப இது மனுஷக் கைதானா?"

இங்கேதான் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். 'பிரிண்டரைப் பார்க்க வேண்டும் பாய்' என்ற நான்கு சொல் போதும். என்ன நினைத்தேன் தெரியுமா? 'பொம்பளையை நம்பி மெஷினைக் குடுத்தா இப்படித்தான்' என்று இந்தக் கூட்டம் சொல்லும் என்று நினைத்தேன். என் கடை, என் பெயர், பிரிண்டர் அக்கா... இவ்வளவுதான் நினைத்தேன். மூன்றடி தள்ளி நின்றவளும் பெண்தான் என்பது நினைவுக்கு வரவேயில்லை.

"அப்படித்தான் பாய் இருக்கணும்" என்றேன்.

நசீமா என் அருகே வந்தாள். அழவில்லை. "அக்கா, இன்னொரு தடவை பாருங்கக்கா. ப்ளீஸ்க்கா" என்றாள்.

"பாத்துட்டேன் நசீமா" என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

ஹாஜா பாய் போலீசுக்குப் போகவில்லை. 'வயசுப் பொண்ணு, வாழ்க்கை போயிடும்' என்று இரக்கப்பட்டு, சரவணனுக்குத் தன் கையிலிருந்து ஈடு கட்டி, நசீமாவை மட்டும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அந்த இரக்கம் அவளுக்கு உதவவில்லை, எனக்குத்தான் உதவியது. போலீஸ் வந்திருந்தால் யாராவது ஒருவர் பிரிண்டரைத் திறந்து பார்த்திருப்பார்கள் அல்லவா?

இதோடு நின்றேனா? இல்லை. மூன்றாம் நாள் நானே வலியப் போய், "பாய், சர்வீஸ் பண்ணி நாளாச்சு, பாத்துடறேன்" என்று சொல்லி, அந்தத் திருட்டு மென்பொருளை அழித்துவிட்டு, நிறுவனம் கொடுத்த பழையதை ஏற்றினேன். ஐந்து நிமிடம். நசீமா நிரபராதி என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி அதுதான். அதை என் கையாலேயே அழித்தேன். ஹாஜா பாய் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன்!

பயத்தில் வாய் அடைத்துப்போயிற்று என்று முதல் நாளுக்கு ஒரு சாக்குச் சொல்லலாம். மூன்றாம் நாளுக்கு என்ன சாக்கு? தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை.

மற்ற கடைகளிலும் ஒவ்வொன்றாகப் போய் அதேபோல் மாற்றினேன். யாரிடமும் காரணம் சொல்லவில்லை. அவர்களின் வாடிக்கையாளர்களுடைய எத்தனை ஆதார் அட்டைகள், எத்தனை பத்திரங்கள் அதற்குள் எங்கெங்கே போய்ச் சேர்ந்தனவோ... எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் அப்போது விரும்பவில்லை.

நசீமாவுக்கு என்ன ஆயிற்று? பாலக்கரையில் சொன்னது உறையூருக்கு ஒரே நாளில் போய்ச் சேர்ந்தது. எந்த ஜெராக்ஸ் கடையும் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. சொந்தக் கடை? யார் வந்து அவளிடம் பாஸ்போர்ட்டைக் கொடுப்பார்கள்? ஜவுளிக் கிடங்கொன்றில் புடவைகளுக்கு விலைச் சீட்டு ஒட்டும் வேலைக்குப் போனாள். அங்கேயும் கணினிப் பக்கம் அவளை விடுவதில்லை என்று கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டதோடு சரி.

அதே ஆண்டில் ஒரு பெண்கள் கல்லூரியில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போய், 'பெண்கள் எந்தத் தொழிலுக்கும் அஞ்ச வேண்டியதில்லை' என்று முக்கால் மணி நேரம் பேசினேன். பொன்னாடை போர்த்தினார்கள். அந்தப் பொன்னாடையை என்ன செய்வதென்று தெரியாமல் இன்னும் பீரோவில் வைத்திருக்கிறேன். இப்படியே மூன்று ஆண்டுகள் ஓடின.

போன மாதம் திருவானைக்கோவிலில் பத்திரம் எழுதும் அலுவலகம் ஒன்றிலிருந்து ஒரு பிரிண்டர் வந்தது. தாள் சிக்குகிறது என்றார்கள். சிக்கை எடுத்துவிட்டுச் சோதிப்பதற்காக, உள்ளே எந்த மென்பொருள் ஓடுகிறது என்று காட்டும் தகவல் பக்கத்தை அச்சடித்துப் பார்த்தேன். அதே மென்பொருள்! மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நான் போட்டு, மாற்ற மறந்துபோன ஒரே இயந்திரம். கணினியை மாற்றியிருக்கிறார்கள், இரண்டு முறை ஃபார்மேட் போட்டிருக்கிறார்கள், விலை கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்கியிருக்கிறார்கள். எதுவும் அதைத் தொடவில்லை. எப்படித் தொடும்? ஃபார்மேட் போட்டால் எல்லாம் அழிந்துவிடும் என்று நம்புகிறோம். கணினிக்குள் இருப்பதுதான் அழியும். பக்கத்தில் பிரிண்டருக்குள் இருப்பதும், வைஃபை பெட்டிக்குள் இருப்பதும், கேமராவுக்குள் இருப்பதும் அப்படியேதான் இருக்கும். உங்கள் வீட்டில் அவற்றை யாராவது என்றைக்காவது சந்தேகப்பட்டதுண்டா?

கேபிளைச் செருகினேன். பழக்கம்! ஐந்து நிமிடத்தில் இதையும் மாற்றிவிட்டால் உலகத்தில் ஒரு சாட்சியும் இருக்காது. நான் மட்டும்தான் இருப்பேன். என்னிடம் யார் கேட்கப் போகிறார்கள்?

திரையில் 'ஏற்றலாமா?' என்ற கேள்வி வந்து நின்றது. என் விரல் மௌஸ் மேல் இருந்தது.

கேபிளைப் பிடுங்கினேன்.

நல்லவளாகிவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த நொடியில் என் மேல் எனக்கு வந்தது கடுங்கோபம். மூன்றாவது தடவையும் அதே வேலையைச் செய்யக் கை எப்படி நீண்டது என்ற கோபம். பத்திர அலுவலகத்துக்கு என் செலவில் வேறு இயந்திரம் கொடுத்துவிட்டு, விஷயத்தைச் சொல்லி, இதை வாங்கி வைத்துக்கொண்டேன். இணையத்துக்குப் போகவிடாமல் என் லேப்டாப்போடு மட்டும் இணைத்து, கண்ணாடியில் ஒரு பழைய காலண்டர் தாளைத் தலைகீழாக வைத்து ஜெராக்ஸ் பொத்தானை அழுத்தினேன். நகல் தாளில் வந்தது. கூடவே அந்தப் படத்தை இயந்திரம் வெளியே அனுப்பப் பார்த்தது. அதை லேப்டாப் மடக்கிப் பிடித்தது. திரையில் காலண்டர் தலைகீழாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உறையூருக்குப் போனேன்.

நசீமா கதவைத் திறந்தாள். இளைத்திருந்தாள். "வாங்கக்கா" என்றாள். அவளைத் திருடி ஆக்கிய என்னைப் பார்த்து 'வாங்க' என்றாள்! உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்கேன் பதிவை மூடியதைச் சொன்னேன். மூன்றாம் நாள் வந்து அழித்ததையும் சொன்னேன்.

முடித்ததும் அவள் கேட்டாள்:

"அப்ப நான் எதையும் மறந்து வைக்கலையாக்கா?"

எனக்குப் புரியவில்லை.

"மூணு வருஷமா யோசிச்சுக்கிட்டே இருக்கேன்க்கா. பென்டிரைவை எங்கயாவது போட்டுட்டேனா, யாருக்காவது தெரியாம அனுப்பிட்டேனா... நீங்களே பாத்துச் சொன்னீங்களே. நீங்க சொன்னா சரியாத்தானே இருக்கும்னு நெனச்சேன். என் கையே எனக்குச் சந்தேகமாப் போச்சு. பெத்த அத்தாகிட்ட மட்டும், 'நான் வேணும்னு செய்யல, தெரியாம நடந்துருக்கும்'னு சொன்னேன்."

ஊர் அவளைச் சந்தேகித்தது எனக்குத் தெரியும். அவளையே அவள் சந்தேகிக்க வைத்திருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. இதற்கு என்ன ஈடு கொடுப்பீர்கள்? நான் கேட்கிறேன், என்னதான் ஈடு?

"மன்னிச்சுடு நசீமா" என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது.

"அது வேணாம்க்கா" என்றாள். குரல் உயரவில்லை. "அன்னிக்கு கடை நெறைய ஆளை வச்சுக்கிட்டு சொன்னீங்கள்ல? அதே மாதிரி ஆளை வச்சுக்கிட்டு சொல்லுங்க. ஹாஜா பாய் இருக்கணும். அந்த ஜீயபுரத்து ஆளுங்க இருக்கணும். நானும் வருவேன்."

ஹாஜா பாய் அப்போது உம்ரா செய்ய மக்காவுக்குப் போயிருந்தார். திரும்பி வர இரண்டு வாரம் இருந்தது. அந்த இரண்டு வாரத்தில் நான் சிப்லெஸ் போட்ட கடை ஒவ்வொன்றுக்கும் போய் உண்மையைச் சொன்னேன். ஒருவர் அடிக்க வந்தார். ஒருவர் சிரித்தார். பாதிப் பேர் இனிமேல் வராதே என்றார்கள். வக்கீல் ஒருவரைப் பார்த்தேன். "புகார் எழுதிக் குடுத்தா முதல்ல மாட்டுறது நீங்கதாம்மா" என்றார். எழுதிக் கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டேன். மாட்டினால் மாட்டுகிறேன்.

ஹாஜா பாய் வந்த மறுநாள் அந்தப் பிரிண்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பாலக்கரைக்குப் போனேன். நசீமா முன்பே வந்து கடைக்கு வெளியே நின்றிருந்தாள்; என்னோடு உள்ளே வந்தாள். நான் சொல்லி அனுப்பியிருந்தபடி சரவணனும் அவன் அண்ணனும் வந்திருந்தார்கள். ஹாஜா பாய் விஷயம் தெரியாமல் எழுந்து வந்து, மக்காவிலிருந்து கொண்டுவந்த பேரீச்சம்பழமும் ஜம்ஜம் தண்ணீரும் கொடுத்து, "உங்களுக்கும் சேத்துத்தான் துஆ கேட்டேன் கோமதிம்மா" என்றார். அந்தப் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டேதான் எல்லாவற்றையும் சொன்னேன்.

இயந்திரத்தை வைத்துக் காட்டினேன். தாளை வைத்தேன், ஜெராக்ஸ் எடுத்தேன், லேப்டாப்பில் படம் வந்தது. "பாருங்க, நான் ஸ்கேன் பண்ணவேயில்ல. பிரிண்டர் தானாவே அனுப்புது" என்றேன்.

ஹாஜா பாய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நசீமா நின்ற பக்கம் அவரால் தலையைத் திருப்ப முடியவில்லை. ஆனால் மற்றவர்கள்...

"பிரிண்டராவது, பாஸ்போர்ட்டைத் திருடுறதாவது!" என்றார் ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒருவர்.

சரவணனின் அண்ணன் எழுந்துகொண்டான். "இதையெல்லாம் லேப்டாப்ல எப்படி வேணாலும் காட்டலாங்க. அந்தப் பொண்ணைக் காப்பாத்த நீங்க பழியை ஏத்துக்கிறீங்க. நல்ல மனசுதான். ஆனா நாங்க நம்ப மாட்டோம்" என்றான்.

நல்ல மனசாம்! என் பொய்யை ஒரு நிமிடத்தில் நம்பினார்கள். அன்று யாரும் ஆதாரம் கேட்கவில்லை. உண்மையைச் சொல்ல ஓர் இயந்திரத்தையே சுமந்துகொண்டு போயிருக்கிறேன்... என்னைத் தியாகி ஆக்குகிறார்கள். இந்தக் கடையில் இருந்த இயந்திரத்தை அப்படியே விட்டிருந்தால் அதைத் திறந்து காட்டியிருக்கலாம். அதைத்தான் நானே அழித்துவிட்டேனே!

வெளியே வந்தேன். படியில் நின்றேன். நசீமாவும் வந்தாள்.

"நம்ப மாட்டேங்கிறாங்க நசீமா" என்றேன்.

"என்னையும்தான் நம்பல" என்றாள். "அன்னிக்கு நீங்க பஸ் ஏறி வீட்டுக்குப் போயிட்டீங்க. நான் சாயங்காலம் வரைக்கும் இங்கயே நின்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். உள்ள போங்கக்கா. திரும்பச் சொல்லுங்க."

உள்ளே போனேன்.